கன்னியம்மாளுக்குத் தன்னம்பிக்கை வரவில்லை

ஊரின் பெயர் பாண்டிச்சேரியிலிருந்து புதுச்சேரி என்று மாறிய வருஷம், ஊரில் உள்ள பெண்களையும் மாற்றிவிடுவது என்று ஓர் அலுவலகம் தீர்மானித்தது. மகளிர் உள்ளுறுதி மேம்பாட்டுப் பிரிவு என்று அதற்குப் பெயர். அதன் அதிகாரி நாராயணசாமி நல்ல மனிதர். யார் எதைக் கேட்டு வந்தாலும் ஏதாவது ஒன்றைக் கொடுத்தே அனுப்புவார். கேட்டதைத்தான் கொடுக்க வேண்டும் என்று விதியில் எங்கும் சொல்லியிருக்கவில்லை.

வைத்திக்குப்பத்துக் கன்னியம்மாள் அவரிடம் ஒரு கக்கூஸ் கேட்டாள். தெருமுனையில் கூடை வைத்து மீன் விற்கும் பெண்கள் விடியற்காலையில் வந்தால் பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புவார்கள். அதுவரை ஒருத்தியும் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்துவிட்டு எங்கே போவது? கன்னியம்மாளுக்கு அடிவயிற்றில் எரிச்சல் வந்து, இப்படியே போனால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"நாங்க விக்கிற எடத்துக்கு எதிர்ல ஒரு எடம் சும்மா கெடக்குது. அதுல கட்டிக் குடுங்க சார்," என்றாள்.

"அந்த இடத்த அதுக்குத்தாம்மா ஒதுக்கியிருக்கு. ஆனா அதுக்கு முன்னாடி நீங்க மனசளவுல தயாராகணும்."

தயார்ப்படுத்த, சென்னையிலிருந்து ஹேமலதா என்ற பயிற்சியாளர் வந்தார். தெருமுனைக்கு நாலு வீடு தள்ளி ஒரு ஏசி மண்டபத்தை வாடகைக்குப் பிடித்தார்கள். முதல் பாடம், கண்ணாடி பார்த்து "நான் என்னை நேசிக்கிறேன்" என்று சொல்வது. மீன் கூவிப் பழகிய தொண்டைகள் அவை. நேசம் கடற்கரை வரை கேட்டது. அடுத்த பாடம் சுயபராமரிப்பு.

"நீங்கல்லாம் ஏன் தண்ணியே குடிக்கறதில்ல? உங்க மேல உங்களுக்கே அக்கறை இல்ல, அதான்," என்றார் ஹேமலதா.

காரணத்தைச் சொல்லக் கன்னியம்மாள் வாயெடுத்தாள். அப்போது மண்டபத்தின் மூலையில், தாழ்ப்பாளும் குழாயும் உள்ள ஒரு கழிப்பறை கண்ணில் பட்டது. வாயை மூடிக்கொண்டு வயிறு முட்டத் தண்ணீர் குடித்தாள்.

கூடைகளை ஆள் மாற்றி ஆள் பார்த்துக்கொண்டு, பெண்கள் ஒரு வகுப்பையும் விடவில்லை. கன்னியம்மாளுக்கு எரிச்சல் நின்று முகமும் தெளிந்தது. "இது உள்ளேர்ந்து வர்ற ஒளி சார்," என்று ஹேமலதா அதிகாரிக்கு அவளைக் காட்டினார்.

பயிற்சி முடிகிற நாளில்தான் ஆபத்து வந்தது. தன்னம்பிக்கை வந்துவிட்டவர்களுக்குச் சால்வை போர்த்தி அனுப்பிவிடுவார்கள். வராதவர்கள் மட்டும் மறுபடி மண்டபத்துக்கு வரலாம்.

"கன்னியம்மா, இப்ப எப்படி ஃபீல் பண்றீங்க?"

"ஒண்ணும் வரல மேடம்." ஓசி மீன் கேட்ட போலீஸ்காரரை முந்தின நாள்தான் தெருக்கோடி வரை விரட்டியவள், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டாள்.

"கொஞ்சம்கூடவா?"

"இங்க இருக்கும்போது வந்தாப்புல இருக்குது. வெளிய போனா போயிடுது."

அடுத்தவள் அழுதே காட்டினாள். ஒருத்திகூடத் தேறவில்லை.

நாராயணசாமி உருகிப்போனார். "சரிம்மா, தயங்காம சொல்லுங்க. இப்ப உங்களுக்கு எது வேணும்? கழிப்பறையா, பயிற்சியா?"

கழிப்பறை கட்டி முடிக்க எத்தனை வருஷம் ஆகுமோ. பயிற்சி என்றால் நாளைக்கே கதவு திறக்கும். "பயிற்சிதான் சார்," என்றார்கள் எல்லாரும் ஒரே குரலில்.

மக்கள் கேட்டதை அப்படியே கொடுக்கும் அதிசயம் அன்றுதான் நடந்தது. வாடகை மண்டபத்தைக் காலி செய்துவிட்டு, எதிரே சும்மா கிடந்த அதே இடத்தில் சொந்தப் பயிற்சி மண்டபம் கட்டினார்கள். திறப்பு விழாவுக்கு ஊர்க்காரர்கள் நாங்களெல்லாம் போய், கைதட்டி, மைசூர்பாகு தின்றுவிட்டு வந்தோம்.

கன்னியம்மாள் மட்டும் மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"பாத்ரூம் எங்க சார்?"

"நீங்கதானேம்மா அது வேணாம்னீங்க," என்றார் நாராயணசாமி.

உள்ளே ஹேமலதா புது வகுப்பைத் தொடங்கி, ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர் கொடுத்தார். கன்னியம்மாள் தன் பாட்டிலை வெளியே எடுத்துப் போய் மீன்மேல் தெளித்தாள்.