மூன்றாவது செக்

"ரூமுக்கு மாச வாடகை ஐந்நூறு டாலர்தானே கேட்ட? இதுல மூவாயிரம்னு போட்டிருக்கு!" என்று கிரெட்சன் செக்கைச் சமையலறை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"தாராள மனசு," என்றாள் அவள் அக்கா லவோன். "கப்பல்ல டாக்டரா இருக்காராம். நேர்ல வந்து ரூம் பார்க்க முடியாதாம். மிச்சப் பணத்தை, அவர் சாமான் ஏத்திட்டு வர்ற வண்டிக்காரருக்கு அனுப்பிடச் சொல்லி ஈமெயில் போட்டிருக்கார்."

"அக்கா, இது திருட்டு வேலை."

"முகம் தெரியாத மனுஷனை அப்படிப் பேசாதடி."

"கப்பல்ல இருக்கறவனுக்குப் பக்கத்து ஊர் சுப்பீரியர்ல எப்படி விலாசம் இருக்கும்? உறை மேல பாரு."

"அங்கதான் துறைமுகம் இருக்கே!"

லவோன் ஏரிக்கரை ஊரான டுலூத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சமைப்பவள். கூட இருந்து வாடகையில் பாதி கொடுத்துக்கொண்டிருந்த தோழி, ஐம்பத்தெட்டு வயதில் காதல் வந்து, கல்யாணம் செய்துகொண்டு ஃபார்கோவுக்குப் போய்விட்டாள். லவோனின் சம்பளத்துக்குத் தனியாக அந்த வீட்டைத் தாங்க முடியாது. ஒன்றாம் தேதிக்குள் ஆள் கிடைக்காவிட்டால் காலி செய்துவிட வேண்டும் என்று வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். பதினெட்டு வருஷம் குடியிருந்த வீடு. பாவம், இணையத்தில் அவள் போட்ட விளம்பரத்துக்கு அதுவரை வந்த ஒரே பதில் இந்தக் கப்பல் டாக்டருடையது.

எங்கள் டுலூத் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு. யார் எதை நீட்டினாலும் முதல் தடவை வேண்டாம் என்போம். இரண்டாம் தடவை, "உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்போம். மூன்றாம் தடவையும் நீட்டினால் வாங்கிக்கொண்டே ஆக வேண்டும். அதற்கு மேல் மறுத்தால் அவரை அவமதித்த மாதிரி. ஒரு வாய் காபிக்கும் இதுதான் சட்டம். இப்போது அதே ஊரில் தன் குடும்பத்தோடு இருக்கும் கிரெட்சன், நியூ ஜெர்சியில் இருபது வருஷம் இருந்து கெட்டுப்போனவள். முதல் தடவையே கையை நீட்டிவிடுவாள்.

லவோன் முறைப்படி செக்கைத் திருப்பி அனுப்பினாள். 'இவ்வளவு எதற்கு? ஐந்நூறு போதும்' என்று ஒரு சீட்டு எழுதி வைத்தாள். வெறும் உறையாக அனுப்ப மனசு வரவில்லை. எலுமிச்சைக் கேக் செய்து, துண்டு போட்டு, ஒரு டப்பாவில் அதையும் சேர்த்து அனுப்பினாள்.

"திருடனுக்குக் கேக்கா?" என்று கிரெட்சன் தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் இரண்டாவது செக் வந்தது. மூவாயிரத்து ஐந்நூறு. 'தயவுசெய்து மறுக்காதீர்கள், உடனே வங்கியில் போடுங்கள்' என்று டாக்டர் ஈமெயிலில் கெஞ்சியிருந்தார்.

"பாத்தியா, எவ்வளவு மரியாதை! நம்ம ஊர்க்காரராத்தான் இருக்கணும்," என்று லவோன் உருகிப்போனாள். செக்கும் இன்னொரு டப்பா கேக்கும் சுப்பீரியருக்குப் போயின.

இதற்கு நடுவில் விளம்பரத்தைப் பார்த்து மரிபெத் என்ற நர்ஸ் நேரில் வந்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஜன்னல் வழியாக ஏரி தெரிந்ததும் அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கைப்பையைத் திறந்து, "முன்பணம் இப்பவே தந்துடட்டுமா?" என்றாள்.

லவோன் கைப்பையை மெல்ல மூடிவிட்டாள். "தப்பா நினைச்சுக்காதம்மா. ஒருத்தர் ரெண்டு தடவை கேட்டுட்டார். அவர் மூணாவது தடவை கேட்கறதுக்குள்ள உனக்குக் குடுத்துட்டா நல்லா இருக்காது."

மரிபெத்துக்கு அது புரிந்தது, அவளும் எங்கள் ஊர்க்காரிதானே. வருத்தத்தோடு கிளம்பி, இரண்டு தெரு தள்ளி வேறு அறை பார்த்துக்கொண்டாள். விஷயம் கேள்விப்பட்ட கிரெட்சன் அன்று முழுக்க அக்காவோடு பேசவில்லை.

மூன்றாவது செக் நாலாயிரத்து ஐந்நூறுக்கு வந்தது. இனி மறுக்க வழியில்லை. லவோன் நல்ல உடையாக உடுத்திக்கொண்டு வங்கிக்குப் போய் அதைப் போட்டாள். மறுநாளே கணக்கில் பணம் ஏறியிருந்தது.

"இப்ப என்ன சொல்ற?" என்று தங்கையிடம் பெருமையாகக் கேட்டாள். அன்றே டாக்டருக்காக அறைக்குப் புதுத் திரைச்சீலையும் வாங்கி மாட்டினாள்.

பிறகு மிச்சத்தை வண்டிக்காரருக்கு எப்படி அனுப்புவது என்று கேட்க மறுபடி வங்கிக்குப் போனாள். நல்லவேளை, கேட்கப் போனாள். கவுண்ட்டரில் இருந்த பெண் நடந்ததை எல்லாம் விசாரித்துவிட்டு யாருக்கோ போன் செய்தாள்.

"மேடம், இது போலி செக். கணக்குல காட்டற பணம் நிஜமா இன்னும் வரவே இல்ல. நீங்க அனுப்பியிருந்தா அது உங்க சொந்தப் பணம்தான் போயிருக்கும்."

"மன்னிச்சுக்கம்மா, உனக்கு வீண் தொந்தரவு குடுத்துட்டேன்," என்று லவோன் அவளிடம் சொல்லிவிட்டு வெளியே வந்து, காருக்குள் உட்கார்ந்து அழுதாள். அறைக்கு ஆளும் இல்லை, வந்த ஆளையும் துரத்தியாயிற்று, ஒன்றாம் தேதியோ வாசலில் நிற்கிறது.

அழுது முடித்ததும் வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்குக் கோபம் வந்தது. தங்கையை ஏற்றிக்கொண்டு பாலத்தைத் தாண்டி சுப்பீரியருக்கு வண்டியை விட்டாள்.

"வாயைத் திறந்து நாலு வார்த்தை நறுக்குன்னு கேளு. 'சிரமத்துக்கு மன்னிக்கணும்'னு ஆரம்பிச்சே, நான் இறங்கிப் போயிடுவேன்," என்றாள் கிரெட்சன்.

கதவைத் திறந்தவர் அறுபது தாண்டிய மனிதர். முழங்கையில் ஒட்டுப்போட்ட கம்பளிச் சட்டை.

"சிரமத்துக்கு மன்னிக்கணும்," என்று ஆரம்பித்தாள் லவோன். "நான் லவோன். டுலூத்துலேர்ந்து வரேன்."

அவர் முகம் மலர்ந்தது. "கேக் அனுப்பின அம்மாவா! வாங்க, வாங்க. நான் ஆர்வில். காபி போடட்டுமா?"

"வேண்டாங்க."

"ஒரு வாய் குடிங்களேன்."

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"எனக்குப் போடுங்க, சக்கரை ரெண்டு ஸ்பூன்," என்றாள் கிரெட்சன். லவோனுக்கு மானம் போயிற்று.

உள்ளே போனதும் லவோன் தைரியத்தை எல்லாம் திரட்டிக்கொண்டாள். "நீங்க அனுப்பின செக்கு போலியாம். எனக்கு... எனக்கு இது அவ்வளவா பிடிக்கல." எங்கள் ஊரில் இதற்கு மேல் திட்டு கிடையாது.

ஆர்வில் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். "போலியா? நான் வெறுமனே பிரிண்ட் எடுத்து, உறையில போட்டு அனுப்பறவன்மா. வீட்லேர்ந்தே செய்யலாம்னு இணையத்துல பார்த்து சேர்ந்த வேலை. வீடு மாத்தறவங்களுக்கு உதவற கம்பெனின்னாங்க. நீங்க திருப்பி அனுப்பினதைச் சொன்னேன், தொகையை ஏத்தி மறுபடி அனுப்புன்னாங்க."

"நல்லா கதை விடறாருக்கா," என்றாள் கிரெட்சன். "அதோ பாரு, தப்பிச்சு ஓடறதுக்கு மூட்டைகூடக் கட்டியாச்சு!"

சுவரோரம் அட்டைப்பெட்டிகள் வரிசையாகக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. லவோன் அவற்றைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"எங்க கிளம்பறீங்க?"

"தெரியலம்மா. எங்கயாவது ஒரு ரூம் கிடைக்குமான்னு தேடிட்டிருக்கேன்," என்று ஆர்வில் தலையைக் குனிந்துகொண்டார். "அவங்க எனக்குக் குடுத்த சம்பளமும் செக்தான். அதை அப்படியே வீட்டுக்காரர்கிட்ட வாடகையா குடுத்துட்டேன். செல்லலைன்னு திரும்பி வந்துடுச்சாம், காலி பண்ணச் சொல்லிட்டார்."