டப்பா சார் நம்பிய இரண்டு டிரைவர்கள்

உலகத்தில் யாரையும் எதையும் நம்பாமல் ஒரு மனிதர் நிம்மதியாக இருக்க முடியும் என்பதற்கு டப்பா சார்தான் அத்தாட்சி. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பழைய இரும்பை வாங்கி உருக்கும் எங்கள் கம்பெனியின் கம்ப்யூட்டர்களுக்கு அவர் பொறுப்பு. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

பெயர்க் காரணம் ஓர் எவர்சில்வர் டப்பா. கேன்டீனில் வடை வாங்கினால் தட்டில் வைத்துச் சாப்பிட மாட்டார். டப்பாவில் போட்டு மூடிவிட்டு, பிறகு லேசாகத் திறந்து பிட்டுப் பார்ப்பார். ஊசவில்லை என்று தெரிந்தபின் அதிலிருந்தே சாப்பிடுவார். தட்டிலேயே பார்த்தால் என்ன என்று, கணக்குப் பிரிவில் இருந்த நான் ஒருமுறை கேட்டேன்.

"பாத்ததுக்கு அப்பால எவனாவது மாத்திட்டான்னா?" என்றார்.

எங்கள் கேன்டீன்காரர் அவ்வளவு சுறுசுறுப்பானவர் இல்லை.

மீஞ்சூரில் ரயில் ஏறும்போது, இது கும்மிடிப்பூண்டிதானே போகிறது என்று நாலு பேரிடம் விசாரிப்பார். நாலு பேரும் ஆமாம் என்றால், பேசிவைத்துக்கொண்டு சொல்கிறார்களோ என்று யோசிப்பார். யோசனை முடிவதற்குள் பொன்னேரி வந்துவிடும்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் கம்பெனி ஒரு பெரிய கம்ப்யூட்டரை வாங்கி, அதற்குள்ளேயே பல கம்ப்யூட்டர்கள் தனித்தனியாக ஓடும்படி செய்யச் சொன்னது. ஒரே வீட்டில் பல குடித்தனம் மாதிரி. ஒன்றில் லாரி எடைமேடை, இன்னொன்றில் எங்கள் கணக்கு. ஒவ்வொன்றிலும் டிரைவர் என்று ஒரு சின்ன புரோகிராம். எடைமேடையின் டிரைவர் லாரியின் எடையைப் பொதுவான ஓர் இடத்தில் வைக்கும். கணக்கின் டிரைவர் அதைப் பார்த்து பில் போடும். அடுத்தவன் எழுதியதை நம்ப முடியாது என்று இரண்டையும் டப்பா சாரே எழுதினார்.

கொஞ்ச நாளில் வம்பு வந்தது. பில்லில் இருக்கிற இரும்பு யார்டில் இல்லை. எடைமேடையில் உட்கார்ந்திருந்தவர் பழவேற்காட்டு வஹிதா. அவர் சம்பளத்தில்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது. வியாபாரிகளோடு சேர்ந்துகொண்டு எடையை ஏற்றிப் போடுகிறார் என்று மேனேஜர் முடிவுகட்டி, வார இறுதியில் அனுப்பிவிடுவதாக இருந்தார்.

டப்பா சாரும் வஹிதாவைச் சந்தேகப்பட்டார். சந்தேகத்தில் அவர் பாரபட்சம் பார்ப்பதில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு எடைமேடைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"இன்னா சார், என்னப் பாக்க வந்தீங்களா, லாரியப் பாக்க வந்தீங்களா?" என்றார் வஹிதா.

"ரெண்டையுந்தான்."

நம் ஊர் லாரிகளுக்குப் பொறுமை கிடையாது. முன்னால் நிற்கிற லாரி இறங்குவதற்குள் பின்னால் வருவது முன்சக்கரத்தை மேடையில் ஏற்றிவிடும். அன்றும் ஒன்று ஏற்றியது. டப்பா சார் குடையை மடக்கினார். நேராக மேனேஜர் அறைக்குப் போனார். பில் கட்டோடு அங்கே நானும் இருந்தேன்.

"அந்தம்மா மேல தப்பில்ல சார். கணக்கு டிரைவர் எடைய ஒரு தபா பாத்து சரின்னுது. பில்லு எழுத சொல்லோ மறுபடியும் அங்கியே போய்ப் பாத்து எழுதுது. நடுவுல பின்னாடி லாரி ஏறிக்குது, எடை மாறிடுது. மொதல்ல எடுத்து தனியா வச்சிக்கினு அப்பால பாத்திருக்கணும். ரெண்டும் நான் எழுதுனதாச்சேன்னு ஒண்ண ஒண்ணு நம்ப விட்டுட்டேன்."

வடைக்குக் கொடுத்த மரியாதையை எடைக்குக் கொடுக்கவில்லை என்று எனக்குச் சிரிப்பு வந்தது. மேனேஜர் சிரிக்கவில்லை. சத்தம் போடாமல் சரிசெய்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும் என்று கேட்டார்.

"யாருக்கும் தெரிஞ்சிருக்காது சார். அந்தம்மா மட்டும் ஊட்டுக்குப் போயிருப்பாங்க."

வஹிதா அதே நாற்காலியில் தொடர்ந்தார். டப்பா சாருக்கு அந்த வருஷம் சம்பள உயர்வு இல்லை. அவருக்காக நான் வருத்தப்பட்டேன். அவர் பட்டதாகத் தெரியவில்லை.

மேனேஜரிடம் சொன்ன அன்று சாயங்காலம் ரயிலில் அவருக்கு எதிரே உட்கார்ந்து வந்தேன். இந்த மனிதர் நம் ஆபீசில் இருக்கிறாரே என்று மீஞ்சூர் வரைக்கும் சந்தோஷமாக இருந்தது.