துறைத்தலைவரின் குடையும் என் வாக்குமூலமும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் சுகம்; காலையில் அளந்த ரத்த அழுத்தமும் ஏறக்குறைய சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முதலில் மன்னிப்பு: போன மாதம் நீ வாங்கித் தந்த குடையைத் தொலைத்துவிட்டேன். பேருந்தில் என்றுதான் நினைக்கிறேன், உறுதியாகச் சொல்லமுடியாது.

அடுத்து, “போதும்ப்பா, வேலையை விட்டுட்டு எங்களோட வந்துடுங்க” என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாயே, அதற்குச் சம்மதம். ராஜினாமாக் கடிதத்தைத் திருத்தி எழுதிவைத்திருக்கிறேன். காரணம் இதுதான். புலனாய்வு வகுப்பில் செய்முறைப் பயிற்சிக்காகத் துறைத்தலைவர் அறையில் மாட்டியிருந்த கறுப்புக் குடையை நானே திருடி, மாணவர்களைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். அந்த அம்மாவிடம் அனுமதி கேட்க இரண்டு முறை கதவு வரை போய்த் திரும்பினேன். அதற்குள் அவர் விடுப்பில் போய்விட்டார். முன்யோசனையாக, “திருடியவன் நானே” என்று தேதியிட்டு எழுதி, உறையில் போட்டு ஒட்டி, அட்டெண்டரிடம் கொடுத்துவைத்தேன். முப்பத்தொன்பது மாணவர்களும் இரண்டு நாள் துருவி, அட்டெண்டர்தான் திருடன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். எல்லா அறைச் சாவியும் அவரிடம்தான் இருக்கிறதாம். பதறிப்போய், “நான்தான்ப்பா எடுத்தேன்” என்றேன். வகுப்பே சிரித்தது. “சும்மா இருங்க சார், உங்களுக்கு அதுக்கெல்லாம் தைரியம் ஏது?” என்றாள் முதல் வரிசைப் பெண். உறையைப் பிரித்துக் காட்டினால், “பாவம், அட்டெண்டர் அண்ணனைக் காப்பாத்த சார் எழுதியிருக்காரு” என்கிறார்கள். என் அலமாரியிலிருந்து குடையையே எடுத்து மேசைமேல் வைத்தேன். அலமாரிச் சாவியும் அண்ணனிடம் உண்டாம்!

அட்டெண்டர் வாசலில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தார், முகத்தைப் பார்க்கவில்லை. அறிக்கை நாளைக்குத் துறைத்தலைவர் மேசைக்குப் போகிறது. இருபது வருஷம் சாவிக்கொத்தோடு நடந்த மனிதர் இந்த அட்டெண்டர், அம்மா. என் விளையாட்டால் அவர் பெயர் கெடப்போகிறது.

உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. நான் ஏன் காவல் துறையை விட்டேன் என்று சின்ன வயதில் கேட்பாயே, படிக்க ஆசை என்பேனே, அது பாதிதான் உண்மை. நிலையத்தில் என் கையெழுத்துதான் அழகு என்று வாக்குமூலங்களை என்னைத்தான் எழுதச் சொல்வார்கள். ஒரு சைக்கிள் கடைக்காரரின் வாக்குமூலத்தை எழுதி முடித்து வாசித்துக் காட்டினேன். “எழுதினதெல்லாம் சரியா இருக்கு சார், நடந்ததுதான் அப்படி இல்லை” என்றார். தாளில் இடமில்லை என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினேன். ஏழு மாதம் கழித்து உண்மையான ஆள் பிடிபட்டான். போய்ப் பார்த்தேன், கடை மூடிக்கிடந்தது. அதன் பிறகுதான் நாற்பத்து நான்கு வயதில் உன் பென்சில் பெட்டியை எடுத்துக்கொண்டு கல்லூரி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். இனி ஒருவருக்கும் அப்படி நடக்கக்கூடாது என்று கற்பிக்கத்தான் பேராசிரியர் ஆனேன். கற்பித்த லட்சணம் மேலே கண்டபடி. ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப்போ. புத்தகங்களைக் கட்டிவிட்டேன்.

குழந்தைக்கு முத்தம். மாப்பிள்ளைக்கு என் அன்பு. நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: மேலே உள்ளதை மாலை ஐந்து மணிக்கு எழுதினேன். ஆறு மணிக்கு மழை. குடையைப் பழைய இடத்தில் மாட்டச் சொன்னதும் அட்டெண்டர் அதை எடுத்து விரித்தார். சான்றுப் பொருளைத் தொடக்கூடாது என்று கற்பித்தவன் நான் என்பதால், அதுவரை யாரும் விரிக்கவில்லை. உள்ளே நீ தைத்த துணிப்பட்டையில் என் பெயரும் தொலைபேசி எண்ணும்! “இது உங்க குடை சார். போன வாரம் அந்தம்மா ரூம் வாசல்ல மறந்துட்டுப் போனீங்க, நான்தான் உள்ள மாட்டினேன். அந்தம்மா கார்ல வர்றவங்க, அவங்களுக்கு ஏது குடை? ரெண்டு நாளா என்னை யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்றார். ஆக, நான் திருடவில்லை. வாழ்க்கையில் இரண்டாவது முறையாக, நடக்காததை அழகான கையெழுத்தில் எழுதிவைத்திருக்கிறேன். மழை விடட்டும் என்று அங்கேயே காத்திருந்த முப்பத்தொன்பது பேரும் முக்காலிக்கு முன்னால் போய்த் தலைகுனிந்து நின்றார்கள். நாற்பதாவதாக நான் நின்றேன். நாளை வகுப்பில் முதல் வேலை, அவர் வாக்குமூலத்தை எழுதுவது. எவ்வளவு தாள் ஆனாலும் சரி. ஆகவே ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம், அம்மா. குடையும் தொலையவில்லை.