சாரைக்கு டி.சி. கொடுத்த தெரு

காலை ஏழு மணி பத்து நிமிஷத்துக்குக் குளியலறைக்குள்ளிருந்து என் மகள் "அம்மா" என்றாள். ஹரிணி பத்தாம் வகுப்பு படிக்கிறாள். துண்டை மறந்துவிட்டுப் போனால் தெருவுக்கே கேட்கும்படி "எம்மோவ்!" என்று கூப்பிடுகிறவள். அன்றைக்கு வந்த "அம்மா" மிகவும் சின்னது. அது இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. ஆனால் அதைச் சொல்வதற்கு ஆஜர் அண்ணாச்சியை முதலில் சொல்லியாக வேண்டும்.

பாம்புக்கும் தவளைக்கும் வருகைப் பதிவேடு வைத்து, தினமும் பேர் கூப்பிட்ட மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் குற்றாலத்துக்குப் பக்கத்துக் குத்துக்கல்வலசையில் எங்கள் தெருக்கோடியில் குடியிருந்தார்.

ஓய்வு பெற்ற டிரில் வாத்தியார். முப்பது வருஷம் பிள்ளைகளின் பேரைக் கூப்பிட்ட வாய், ஓய்வு கொடுத்த பிறகும் நிற்கவில்லை. காலை ஆறரைக்குக் காதைச் சுற்றி மப்ளர், கழுத்தில் விசில், கையில் நீள நோட்டு. மஞ்சள் கல் நட்டு மனை போட்டிருந்த பழைய வயலைப் பார்த்து நின்றுகொண்டு, "தவிட்டுக்குருவி?" என்பார். குருவி கத்தினால் 'ஆஜர்'. கத்தாவிட்டால் 'லீவு'. ஒரு வருஷம் முழுக்கத் தலையே காட்டாவிட்டாலோ, இனி வராது என்று தெரிந்தாலோ, சிவப்பு மையில் 'டி.சி.'. பள்ளிக்கூடத்தை விட்டே போய்விட்டது என்று அர்த்தம். மார்க்கை மாற்றவே மாட்டார். சொந்த மகன் ஐந்து நிமிஷம் தாமதமாக வந்ததற்கு ஆப்சென்ட் போட்டு, வீட்டில் மூன்று நாள் சோறு கிடைக்காமல் இருந்தவர் என்று சொல்வார்கள்.

சீசன் நேரத்தில் ஊரெல்லாம் குற்றாலத்துக்குக் குளிக்கப் போகும். இவர் நோட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு கணக்கெடுக்கப் போவார். ஒருமுறை நானும் ஹரிணியும் அங்கே மங்குஸ்தான் வாங்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்துப் பழக்கடையில் அவர் குரல் கேட்டது.

"ஏம்மா, கடைக்குத் தேனீ வருதா?"

"ஈதான் வருது அண்ணாச்சி."

"நான் தேனீயக் கேக்கேன்."

"அதுவும் வரும். வந்தா ஒங்க வீட்டுக்கு அனுப்பி வைக்கேன். பழம் வாங்குதீயளா, இல்ல ஈ ஓட்டுதீயளா?"

அண்ணாச்சி நோட்டைத் திறந்து 'லீவு' போட்டார். அந்த முகத்தைப் பார்த்து நானும் ஹரிணியும் பஸ் ஏறுகிற வரைக்கும் சிரித்தோம்.

தெருமுனைப் பலசரக்குக் கடைக்காரர் தன் வீட்டு வாசல் புளிய மரத்தை வெட்டினார். பொந்தில் ஆந்தை அலறுவது வீட்டுக்கு ஆகாதாம். மறுநாள் அண்ணாச்சி செருப்பில்லாமல், தோளில் துண்டோடு அந்த வீட்டுக்குப் போய், நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்துவிட்டார்.

கடைக்காரர் பதறிப்போய், "என்ன அண்ணாச்சி?" என்றார்.

"எப்ப எடுக்காவ?"

"யாரை?"

"ஆந்தைய."

அதற்குப் பிறகு அந்தக் கடையில் அவருக்குக் கடுகுகூடக் கிடைக்கவில்லை. நோட்டில் ஆந்தைக்கு டி.சி. ஏறியது. சமையலறை ஜன்னலில் நின்று இதற்கும் சிரித்தவள் நான்.

பிறகு சாரைப்பாம்பு வந்தது. எங்கள் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் காலை வெயிலுக்குப் படுத்திருந்தது. ஆறடி இருக்கும், தெரு வாட்ஸ்அப் குழுவில் அது ஒன்பதடி ஆனது. சாரைதான் நல்ல பாம்புக்கு மாப்பிள்ளை என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். மாப்பிள்ளை இங்கே இருந்தால் பெண்டாட்டி தேடிக்கொண்டு வருவாள். நான் பட்டப்படிப்பு படித்தவள், அரசு அலுவலகத்தில் கோப்பு பார்க்கிறவள். ஆனாலும் பெண் குழந்தையை வைத்துக்கொண்டு, கணவர் வெளியூரில் வேலையில் இருக்க, எப்படி நம்பாமல் இருப்பது? மாடியில் நின்று நான்தான் கத்தினேன். கம்போடு நாலு பேர் வந்தார்கள்.

அண்ணாச்சி விசிலை ஊதிக்கொண்டே ஓடி வந்தார். "ஏலே, நிறுத்துங்கலே! எம்மா, சொல்லுதத கேளுங்க. சாரை வேற, நல்ல பாம்பு வேற. சாரைக்குச் சாரை வீட்லதான் பொண்ணெடுப்பாவ! இவன் எலி திங்க வந்தவன்மா!"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அடித்தார்கள்.

மறுநாள் காலை அவர் என் வாசலுக்கு எதிரே நின்று, "சாரை?" என்று கூப்பிட்டார். பதில் வராது என்று தெரிந்தும் மூன்று முறை கூப்பிட்டார். எனக்கு உடம்பு கூசியது; கூச்சம் கோபமாக மாறியது. "அண்ணாச்சி, பிள்ளைக்குப் பரீட்சை. ஒங்க பைத்தியத்த வேற தெருவுல வச்சுக்கோங்க" என்றேன். அவர் விசிலைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார். அதிலிருந்து எங்கள் வீட்டைத் தாண்டும்போது மட்டும் பேரை வாய்க்குள்ளேயே கூப்பிடுவார்.

மூன்று மாதத்தில் எலி வந்தது. முதலில் சோப்பு. பிறகு அரிசி மூட்டை. பிறகு பக்கத்து வீட்டுக் கார் ஒயர். ஹரிணியின் அறிவியல் ரெக்கார்டு நோட்டில் இதயத்தின் படம் இருந்த பக்கத்தைப் பாதி தின்றிருந்தது. பொறி வைத்தோம்; தேங்காய்ச் சில்லைத் தின்றுவிட்டுப் பொறியிலேயே குட்டி போட்டது. குளியலறைத் தண்ணீர் போகிற ஓட்டையின் மூடியையும் கடித்து வைத்திருந்தது. சாயங்காலம் மாற்றலாம் என்றிருந்தேன்.

அன்றைக்குக் காலையில் அந்த ஓட்டை வழியாக எலி உள்ளே வந்தது. எலிக்குப் பின்னால் நல்ல பாம்பு வந்தது.

"அம்மா... கதவுகிட்ட கெடக்கும்மா. படம் எடுத்துருக்கு."

அவள் கழிப்பறை மூடிமேல் ஏறி நிற்கிறாள். தாழ்ப்பாள் உள்பக்கம். தாழ்ப்பாளுக்குக் கீழே பாம்பு. தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தேன். கிளம்பிவிட்டார்கள், சீசன் நெரிசலில் வர வேண்டும். அலறிக்கொண்டே கதவை இரண்டு கையாலும் அறைந்தேன். உள்ளே அது சீறுகிற சத்தம் எனக்கே கேட்டது.

"கதவத் தட்டாதீய!"

பின்னால் ஆஜர் அண்ணாச்சி. என் அலறல் தெருக்கோடி வரைக்கும் போயிருக்கிறது. "தரை அதிர்ந்தா அது மிரளும். கைய எடுங்கம்மா."

"பிடிக்கத் தெரியுமா அண்ணாச்சி?"

"தெரியாது. பேர் கூப்பிடத்தான் தெரியும்."

வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனார். துணி துவைக்கிற கல்லில் ஏறி, வென்டிலேட்டர் கண்ணாடி இடுக்கில் முகத்தை வைத்தார். நான் கீழே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏட்டி ஹரிணி, காலை அசைக்கக் கூடாது. குனியக் கூடாது. என்னையப் பாரு. இப்ப அட்டென்டன்ஸ். நீ பதில் சொல்லணும். தவிட்டுக்குருவி?"

உள்ளே பல் தந்தியடிக்கும் சத்தம்தான் கேட்டது. அவர் மறுபடியும் அதே நிதானத்தில், "தவிட்டுக்குருவி?" என்றார்.

"ஆ... ஆஜர்."

"செண்பகப் பறவை?"

"லீவு."

"தவளை?"

"லீவு. ரெண்டு வருசமா நீங்க டி.சி. குடுக்காம வச்சிருக்கீங்க."

"அது வரும்டி. ஆந்தை?"

"டி.சி."

தினமும் ஜன்னல் வழியாகக் கேட்டு அவளுக்கு நோட்டு முழுவதும் மனப்பாடம். எனக்குத்தான் தெரியாது. முப்பத்தைந்து நிமிஷம் இப்படியே போனது. அவள் குரல் நடுங்குகிறபோதெல்லாம் அடுத்த பேரை எடுத்தார். தீர்ந்ததும் முதலிலிருந்து தொடங்கினார். சாரையின் பேரை மட்டும் இரண்டு முறையும் தாண்டிப் போனார். அவள் விடவில்லை.

"சாரைய விட்டுட்டீங்க. அதுக்கு டி.சி. அம்மா அடிக்கச் சொல்லிட்டா."

சுவரில் என் நெற்றியை வைத்துக்கொண்டேன்.

"நல்ல பாம்பு?" என்றார் அவசரமாக.

"ஆஜர், அண்ணாச்சி. என்னையத்தான் பாக்கு."

"அது பாக்கட்டும். நீ என்னையப் பாரு. ஹரிணி?"

"உள்ளேன் ஐயா."

அந்த இரண்டு சொல்லுக்காக எந்தச் சாமிக்கும் எதையும் கொடுத்திருப்பேன். "ஹரிணி?" என்று அவர் திரும்பத் திரும்பக் கூப்பிட, அவள் "உள்ளேன் ஐயா" என்றுகொண்டே இருந்தாள்.

கடைசியில் தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். ஒருவர் வென்டிலேட்டர் கண்ணாடிகளைக் கழற்றி, நீள இடுக்கியை உள்ளே விட்டு, சத்தமில்லாமல் பாம்பைப் பிடித்துத் தூக்கினார். தாழ்ப்பாள் திறந்தது. ஹரிணி என்மேல் விழுந்தாள்.

பாம்பைப் போட்ட பையின் வாயைக் கட்டிக்கொண்டே அந்தத் தீயணைப்புக்காரர் சொன்னார்: "இத மலைப்பக்கம் விட்டுருவோம் மேடம். ஆனா இத்தன எலி இருந்தா இன்னொண்ணு வரத்தான் செய்யும். ஏன், இங்கன சாரைப்பாம்பு ஒண்ணுகூடக் கெடையாதா?"

ஹரிணி என்னைப் பார்த்தாள். துவைக்கிற கல்லிலிருந்து முட்டியைப் பிடித்தபடி இறங்கிக்கொண்டிருந்த அண்ணாச்சி, பெற்ற மகனுக்கே மார்க்கை மாற்றாதவர், நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"இருக்கு சார். லீவுல போயிருக்கு."