பௌக்வெட்டு வண்டி

கொல்லிமலையின் கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் சேர்ந்து என் ஆயுளில் தின்ற நேரத்தைவிட, சோளக்காடு சந்தையில் ஒரே ஒரு மனிதர் தின்ற நேரம் அதிகம். அவருக்கும் ஒரு பெயர் இருக்கத்தான் வேண்டும். ஆனால் வண்டி ஓட்டுகிற எங்களுக்கு அவர் ‘பொறுங்க’ அண்ணன்.

வண்டிகளில் சுமை ஏற்றுவது அவர் வேலை. வண்டி வந்து நின்றதும் மற்றவர்கள் மூட்டையைப் பார்ப்பார்கள். இவர் நம்பர் பலகையைப் பார்ப்பார். அதில் எண்களுக்கு நடுவே இரண்டு இங்கிலீஷ் எழுத்து தனியாக இருக்கும் அல்லவா, அந்த இரண்டும் வருகிற ஓர் இங்கிலீஷ் வார்த்தையைக் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்துகள் முன்னே பின்னே இருக்கலாம், நடுவில் வேறு எழுத்தும் வரலாம். ஆனால் வார்த்தை கிடைக்கும்வரை மூட்டையில் கை வைக்கமாட்டார். யார் என்ன கேட்டாலும் ஒரே பதில்தான்: “பொறுங்க.”

ஒருமுறை மிளகு வாங்க மலைக்குக் கீழேயிருந்து ஒருவர் காரில் வந்தார். பலகையில் ஏ, கே.

“ஏனுங்க, உங்க வண்டி கேக்குங்க!” என்று கத்தினார் பொறுங்க.

“என்ன கேக்கும்?”

“கேக்குங்க! ஏ இருக்கு, கே இருக்கு.”

“அதான்யா, என்ன கேக்கும்? தண்ணியா, ஆயிலா?”

அந்த மனிதர் பானெட்டைத் திறந்து உள்ளே ஊற்ற வேண்டியதையெல்லாம் ஊற்றிவிட்டு, மிளகே வாங்காமல் மலை இறங்கினார். பிறந்தநாளுக்கு வெட்டுகிற கேக் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

இதற்கெல்லாம் காரணம் பொறுங்க அண்ணன் இடுப்பில் செருகியிருக்கும் குட்டி இங்கிலீஷ் அகராதி. அர்த்தம் தமிழில் போட்டிருக்கும். அதில் ‘ஏ’ முழுவதும், ‘பி’யில் பாதியும் எலிக்குப் போய்விட்டது. எலி தின்ற வார்த்தைகள் உலகத்திலேயே கிடையாது என்பது அவர் கட்சி.

“ஏண்ணா, ஆப்பிள்னு ஒண்ணு இருக்குதுங்களே?” என்று டீக்கடைக்காரர் ஒருநாள் மடக்கினார்.

“அது தமிழுங்க. இங்கிலீசா இருந்தா இதுல இருக்கோணுமல்ல?”

“அப்ப வெள்ளைக்காரன் அதை என்னன்னு சொல்லுவான்?”

“அவன் ஊர்ல அது காய்க்காதுங்க.”

டீக்கடைக்காரர் அதற்குப் பிறகு அவரிடம் டீ குடிக்கிறீர்களா என்பதைத் தவிர வேறு எதுவும் கேட்பதில்லை.

பல வருடம் அடுத்தவர் வண்டியை ஓட்டிய நான், போன வைகாசியில் சொந்தமாக ஒரு பழைய பிக்கப் வாங்கினேன். முதல் லோடு, மலையிலேயே குண்டூர் நாட்டில் இருக்கும் நல்லம்மாக்காவின் பலாப்பழம். “சாயங்காலத்துக்குள்ள ராசிபுரம் கொண்டு போய்ச் சேத்தீன்னா வாராவாரம் உனக்குத்தான் லோடு. இல்லீன்னா பழைய வண்டிக்காரருக்கே குடுத்துருவேன் சாமி” என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

சந்தையில் சுமைக்காரர்களுக்கு முறை உண்டு. ஒருவர் முறையில் வந்த வண்டியை இன்னொருவர் தொடமாட்டார். அன்று பொறுங்க முறை. என் பலகையில் பி, க்யூ.

“க்யூவா?” என்று அவர் தரையில் உட்கார்ந்தார். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். க்யூ என்றால் ரேஷன் கடை வரிசை என்பதுதான் தெரியும். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசவும் வராது. நல்லம்மாக்காதான் பேசினார்.

“ஏனுங்க, பழம் வெடிச்சு ஈ மொய்க்குது. நீங்க எழுத்துக் கூட்டிக்கிட்டு உக்காந்திருக்கறீங்க!”

“பொறுங்க.”

வெயில் ஏறியது. பலா வாசனை பக்கத்துக் கடைவரை போனது. கடைசியில் க்யூ பக்கத்தில் அவர் விரல் நின்றது. “குவிபிள்! க்யூ இருக்கு, பியும் இருக்கு!”

“அர்த்தம் என்னங்க?” என்றார் நல்லம்மாக்கா.

பொறுங்க அண்ணன் முகம் சுண்டியது. “வீண் வாதம்னு போட்டிருக்குங்க.”

சந்தையே சிரித்தது. “சரியாத்தான் போட்டிருக்கான்! ஏத்துங்க!”

அவர் ஏற்றவில்லை. மறுபடியும் பக்கத்தைப் புரட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. எங்கிருந்தோ தைரியம் வந்து, “அண்ணா, அதான் வார்த்தை கெடைச்சிருச்சல்லங்க?” என்றேன்.

தலை நிமிராமல் சொன்னார்: “கண்ணு, ஊரான் வண்டின்னா இதுவே போதும். நீ மொதமொதல்ல சொந்தமா வாங்கியிருக்கற. வீண் வாதத்தை ஏத்திக்கிட்டா மலை எறங்குவ? நல்லதா ஒண்ணு பாத்துத் தாரேன், பொறு.”

நல்லம்மாக்கா முந்தானையால் பழத்தின் மேல் ஈ ஓட்ட ஆரம்பித்தார்.

எலி மிச்சம் வைத்த ‘பி’யில் அது இருந்தது. “பௌக்வெட்டு!” என்று அவர் எழுந்து குதித்தார். முதல் பயணத்தில் வெட்டா என்று எனக்குப் பகீரென்றது. “பூச்செண்டுங்க! பூச்செண்டுன்னு போட்டிருக்கு!”

அதன்பிறகு அவர் ஏற்றிய வேகத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. பொழுது சாயுமுன் ராசிபுரம் சேர்ந்தேன். லோடு இன்றுவரை எனக்குத்தான்.

போன மாதம் ராசிபுரத்துப் பூக்கடைக்காரர் ஒருவர் என் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அதைப் பொக்கே என்றுதான் சொல்ல வேண்டுமாம். கல்யாணத்தில் கையில் கொடுப்பார்களே, அதுவாம்.

மறுநாள் சந்தையில் பொறுங்க அண்ணன் என் பலகையைத் துண்டால் துடைத்துக்கொண்டே கேட்டார்: “வண்டி எப்படி ஓடுது கண்ணு?”

“பௌக்வெட்டு நல்லா ஓடுதுங்கண்ணா” என்றேன்.