தூங்கிப்போன சாட்சி

காலை ஆறரை மணிக்கு ஹோரஸ் கிளெக்கின் வீட்டு வாசலில் பதினாறு பேர் நின்றிருந்தார்கள். பதினாறு பேருக்கும் அன்று வேலை போயிருந்தது. பதினாறு பேரும் கதவை உடைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

ஹோரஸின் தொழில் ஊரை எழுப்புவது. விடிவதற்கு முன்னால் நீளமான கழி ஒன்றைத் தூக்கிக்கொண்டு லண்டன் துறைமுகத்தை ஒட்டிய வாப்பிங் சந்துகளில் நடப்பார். மாடி ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் தட்டுவார். உள்ளேயிருந்து ஒரு வசவு வந்தால் ஆள் எழுந்தாயிற்று என்று அர்த்தம். அடுத்த ஜன்னலுக்குப் போவார். பன்னிரண்டு வருடத்தில் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் அவரே தூங்கிப்போனார்.

"யோவ் கிளெக்! வெளிய வாய்யா!" என்று கத்தினான் கப்பல் சுமைகூலி பார்னபி கட். "துறைமுகத்துல கேட்டைச் சாத்திட்டான். இன்னிக்கு என் புள்ளைங்க எதைத் தின்னும்? உன் கழியவா?"

ஹோரஸ் கால்சட்டையை மாட்டிக்கொண்டே கதவைத் திறந்தார். தூங்கிவிட்டேன் என்று சொன்னால் தொழில் அத்தோடு போச்சு. வயிற்றுவலி என்று சொல்லலாமா என்று அவர் வாயைத் திறந்தபோது, சலவைக்காரி பீவ் தெருமுனையிலிருந்து தலைதெறிக்க ஓடிவந்தாள்.

"ஐயோ, கொலை! சுண்ணாம்புச் சந்துல மெழுகுவத்திக் கடைக்காரர் மட்ஜை யாரோ எடைக்கல்லால அடிச்சுக் கொன்னுட்டாங்க! விடிகாலையில!"

"அதான்!" என்றார் ஹோரஸ். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. "அதான்ப்பா நான் வரல! நான் அவனைப் பாத்துட்டேன். பயத்துல ஓடி வந்து ஒளிஞ்சுக்கிட்டேன்."

பதினாறு பேரின் கோபமும் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. யாரோ நாற்காலி போட்டார்கள். யாரோ சூடாக டீ கொண்டுவந்தார்கள்.

"ஆள் எப்படி இருந்தான்?"

"பழுப்புக் கோட்டு போட்டிருந்தான்" என்றார் ஹோரஸ். விஷயம் அத்தோடு முடிந்தது என்று நினைத்து டீயைக் குடித்தார்.

மத்தியானம் 'வெள்ளை நங்கூரம்' மதுக்கடையில் விசாரணை நடந்தது. போலீஸ் விசாரணை அல்ல, அதைவிடக் கடுமையானது. நாலு மணிக்கு அலறல் கேட்டதாகச் சொன்னாள் பீவ். இல்லை, ஐந்து மணிக்கு என்றான் முடிவெட்டுகிற டாப். காது கேட்காத கிழவி ஹோப் இரண்டு தடவையும் கேட்டதாகச் சொன்னாள்.

"இது மாலுமி வேலை" என்றான் டாப். "அடிச்சான், கப்பல் ஏறினான், போயிட்டான்."

"கிறுக்கா! மாலுமிக்கு மெழுகுவத்திக் கடையில என்ன வேலை?" என்றாள் பீவ். "இது மட்ஜோட மச்சான் வேலைதான். அவன் முழியே சரியில்ல."

"அவன் மாறுகண்ணுடி. பொறந்ததுல இருந்தே முழி அப்படித்தான்."

"என்னத்துக்கு அடிச்சுக்கறீங்க? பாத்த மனுஷன் இங்க இருக்காரே, அவரைக் கேளுங்க" என்றான் பார்னபி. எல்லாத் தலைகளும் ஹோரஸ் பக்கம் திரும்பின. அவர் பீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

அதற்குள் பழுப்புக் கோட்டு போட்ட இரண்டு பேரைத் தெருவில் பிடித்து உதைத்திருந்தார்கள். ஒருவனுக்குப் பல் போயிருந்தது. அந்தப் பக்கத்தில் பாதிப் பேரிடம் பழுப்புக் கோட்டுதான். இன்னும் ஏதாவது சொல்லி அவர்களைக் காப்பாற்றியாக வேண்டும்.

"செந்தாடி" என்றார் அவசரமாக. "அவனுக்குச் செந்தாடி. இப்பத்தான் ஞாபகம் வருது."

மறுநாள் ரொட்டிக் கடைக்காரர் ஃபென்னின் ஜன்னல்களை உடைத்தார்கள். அவருக்குச் செந்தாடி இருப்பது ஹோரஸுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பன்னிரண்டு வருடமாக அவரிடம்தான் ரொட்டி வாங்குகிறார்.

"ஃபென் இல்லப்பா!" என்று கூட்டத்துக்குள் புகுந்து கத்தினார் ஹோரஸ். "அவன் ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடந்தான்!"

வியாழக்கிழமை, கால் தாங்கி நடக்கும் மாலுமி ஒருவனை ஆற்றில் தள்ளப் பார்த்தார்கள். நல்ல உயரமானவன். "ஆள் குட்டை!" என்று மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னார் ஹோரஸ். "குட்டை! இடது கைக்காரன்!" இப்படி ஒருத்தன் உலகத்திலேயே இருக்க முடியாது என்று அன்று ராத்திரி நிம்மதியாகப் படுத்தார்.

சனிக்கிழமை போலீஸ் இன்ஸ்பெக்டர் வீடு தேடி வந்து கையைக் குலுக்கினார்.

"உங்களை மாதிரி சாட்சி கிடைக்கறது அபூர்வம், மிஸ்டர் கிளெக். பழுப்புக் கோட்டு, செந்தாடி, நொண்டிக் கால், குட்டை, இடது கை. வாப்பிங்ல அப்படி ஒரே ஒருத்தர்தான். பிடிச்சாச்சு."

"யா... யாரு?"

"கடிகாரம் ரிப்பேர் பண்ற ஆம்ப்ரோஸ் லைல்."

ஹோரஸ் கதவைப் பிடித்துக்கொண்டார். ஆம்ப்ரோஸ் லைல் தேவாலயத்தில் பாடுகிறவர். பூனை குறுக்கே வந்தால்கூடத் தொப்பியைத் தூக்கி வழிவிடுகிறவர்.

இன்ஸ்பெக்டர் போனதும் மனைவி கெசியா சமையல்கட்டிலிருந்து வந்தாள். "பெரிய சாட்சி! அன்னிக்கு நீ விட்ட குறட்டை எனக்கில்ல தெரியும்?"

"நான் என்னடி பண்ணுவேன்? உண்மையைச் சொன்னா பொழப்பு போயிடும். ஊரை எழுப்பறவனே தூங்கிட்டான்னா எவன் என்னைக் கூப்பிடுவான்?"

"சொல்லலேன்னா அந்த மனுஷன் தூக்குல தொங்குவாரு. உனக்கு அதுக்கப்புறம் தூக்கம் வருமா ஹோரஸ்?"

இரண்டு நாள் அவருக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. உருளைக்கிழங்கைத் தொட்டால்கூடக் கயிற்று முடிச்சு மாதிரி தெரிந்தது.

திங்கட்கிழமை மதுக்கடை மாடியில் மரண விசாரணை. நாற்காலி போதாமல் ஜன்னலில் எல்லாம் ஆள். இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே லைல் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தார். ஹோரஸ் பைபிளைத் தொட்டார்.

"நீர் பார்த்ததைச் சொல்லும்" என்றார் விசாரணை அதிகாரி.

"நான் ஒண்ணுமே பாக்கல ஐயா. தூங்கிட்டேன்."

மாடி முழுக்க ஒரே சிரிப்பு. பார்னபி மட்டும் சிரிக்கவில்லை.

"அப்போ அந்தத் தாடி?"

"கோட்டுக்காரங்களைக் காப்பாத்தச் சொன்னது ஐயா. கால், ஃபென்னைக் காப்பாத்தச் சொன்னது. குட்டையும் இடது கையும் அந்த மாலுமிக்காக."

"மிஸ்டர் லைலைக் காப்பாற்ற என்ன வைத்திருக்கிறீர்?"

"உண்மை மட்டும்தான் ஐயா. வேற எதுவும் மிச்சமில்ல."

லைலுக்கு எதிராக வேறு சாட்சி ஒருவர்கூட இல்லை. அடையாளம் தெரியாத நபர் செய்த கொலை என்று எழுதி விசாரணையை மூடினார்கள். அதிகாரி ஹோரஸை அரைமணி நேரம் நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். மறுநாளே பதினாறு ஜன்னல்களும் பக்கத்துத் தெரு விதவை டான்ஸ்லியிடம் போய்விட்டன. அவள் குழாயில் பட்டாணி வைத்து ஊதி ஜன்னலில் அடித்து எழுப்புவாளாம், குறி தப்பாதாம்.

ஆனாலும் ஹோரஸ் அன்று விலாங்குமீன் அடை இரண்டு சாப்பிட்டார். மனசு லேசாக இருந்தது. ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறோம். வேறு வேலை தேடிக்கொள்ளலாம்.

புதன்கிழமை முற்பகல் ஆம்ப்ரோஸ் லைல் காலைத் தாங்கித் தாங்கி வந்து கதவைத் தட்டினார். கையில் துணியில் சுற்றிய வெள்ளிக் கடிகாரம். கண்ணெல்லாம் தண்ணீர்.

"வேண்டாம் மிஸ்டர் லைல்" என்றார் ஹோரஸ் வெட்கத்தோடு. "உங்களைச் சிக்க வெச்சதே நான்தான். அப்புறம் உண்மையைச் சொன்னேன், அவ்வளவுதானே?"

லைல் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். கடிகாரத்தை ஹோரஸின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மெதுவாக மூடி, காதோடு குனிந்தார்.

"அன்னிக்கு அந்தச் சந்துல ஒரு ஈ காக்கா இல்லைன்னு நினைச்சுத்தான் கல்லை ஓங்கினேன். நீங்க என்னைத் தலையில இருந்து கால் வரைக்கும் பாத்துட்டும், எனக்காகத் தூங்கிட்டேன்னு பைபிள் மேல பொய் சொன்னீங்களே, நீங்க தெய்வம் ஐயா!"