முதலாளிக்கு ஒன்றாம் நம்பர்

தார்ப்பாய் அண்ணனைப் பொறுத்தவரை உலகத்தில் உள்ள பொருட்கள் இரண்டே வகை: மூடி வைத்தவை, இன்னும் மூடாதவை. ஸ்கூட்டரை மூடுவார். சாப்பாட்டு டப்பாவை மூடி, அதன்மேல் ஒரு பாலிதீன் கவரையும் மாட்டுவார். சித்திரை மாதம், வானத்தில் பொட்டு மேகம் இல்லாத நாளில், ஸ்டூடியோவுக்கு வெளியே இருந்த ஏசி பெட்டிக்கு நீலத் தார்ப்பாயைப் போர்த்திவிட்டு, "ஏன் ரூமு கூலாவல?" என்று எங்களோடு சேர்ந்து அவரும் கவலைப்பட்டார்.

மரக்காணத்தில் கல்யாணம், காதுகுத்து, ஞானஸ்நானம் எல்லாவற்றுக்கும் வீடியோ எடுக்கும் ஸ்டூடியோ எங்களுடையது. நான் எடிட்டர். அண்ணன் கம்ப்யூட்டர், கேபிள் சமாசாரங்களைப் பார்த்துக்கொள்பவர். அவர் உப்பளத்துக் குடும்பம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. மேகம் கறுத்தால் அவரவர் வேலையைப் போட்டுவிட்டு, யாருடைய உப்புக் குவியல் என்று பார்க்காமல் ஓடிப்போய் மூடுவார்கள். பாத்தியில் கிடப்பது கரைந்தால் கரையட்டும், வாரிக் குவித்ததுதான் முதலில். இந்தச் சட்டத்தை அண்ணன் அப்படியே எங்கள் நெட்வொர்க்குக்குக் கொண்டுவந்துவிட்டார்.

எடுத்த படமெல்லாம் மாடியில் உள்ள ஸ்டோரேஜ் பெட்டியில்தான் இருக்கும். இன்டர்நெட் வருவதும் மாடிக்குத்தான். எடிட்டிங் ரூமும் முதலாளி ரூமும் கீழே. நடுவில் இருப்பது ஒரே ஒரு கேபிள். முதலாளி கிரிக்கெட் போட்டால், என் திரையில் மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டு சிலையாக நிற்பான். நான் போட்ட கூச்சலில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று புது நெட்வொர்க் ஸ்விட்ச் வந்தது. கேபிளில் எது முதலில் போகவேண்டும் என்று அதற்கு நாம் நம்பர் போட்டுச் சொல்லலாம்.

"ஸ்டோரேஜ் போறப்ப மத்ததெல்லாம் ஓரமா நிக்கணும்ங்க" என்றார் அண்ணன்.

"ஏம்பா, சம்பளம் குடுக்கிறவன் ஓரமா நிக்கணுமா? எனக்கு ஒன்னாம் நம்பர் போடு."

"போட்டுடறேங்க."

போட்டும் விட்டார். முதலாளி ரூமுக்கு ஒன்று, ஸ்டோரேஜுக்கு ஐந்து. திரையைத் திருப்பியும் காட்டினார். முதலாளிக்கு வாயெல்லாம் பல். கிரிக்கெட் மட்டும் முன்னைவிட அதிகமாக நின்று நின்று வட்டம் சுற்றியது. "ஒன்னாம் நம்பருக்கே இந்தக் கதின்னா, பாவம் நீங்கல்லாம் என்னா பண்றீங்க?" என்று மனுஷன் எங்களுக்காக இரக்கப்பட்டார்.

ஐப்பசி அடைமழையில் ஜெனிஃபர் கல்யாணம். அவள் அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர். தொண்டையில் கட்டி. அடுத்த வாரம் ஆபரேஷன், அதற்குப் பிறகு குரல் இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாதா கோயில் பந்தலில் மைக்கைப் பிடித்து மகளுக்கு அவர் ஆசி சொன்னதை எங்கள் கேமராமேன் எடுத்தான். எடுத்தவன் திரும்பும் வழியில் பைக் வழுக்கி, பையோடு உப்பளத்து வாய்க்காலில் விழுந்தான்.

அவனுக்கு முழங்கால் சிராய்ப்பு. மெமரி கார்டுக்கு உப்புத்தண்ணீர் ஸ்நானம். துடைத்து மாட்டினேன், நல்லவேளை திறந்தது. அடுத்த முறை திறக்குமா என்பது மாதாவுக்குத்தான் வெளிச்சம். என் கம்ப்யூட்டரில் இடமில்லை, மாடி ஸ்டோரேஜுக்குக் காப்பி போட்டேன். போட்டதும் கரண்ட் போனது. யூபிஎஸ் கீ கீ என்று கத்த ஆரம்பித்தது.

அதே நேரம் பக்கத்து ரூமில் முதலாளி, துபாயிலிருந்த சம்பந்தி வீட்டாரோடு வீடியோ காலில் தன் பெண்ணின் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று அலறல்.

"டேய் தார்ப்பாய்! நான் அசையவே மாட்டேங்கிறேன்னு அவங்க சொல்றாங்கடா! எனக்கு ஒன்னாம் நம்பர்தான போட்ட?"

"ஆமாங்க. அதுல ஏழுதாங்க பெருசு. ஒன்னு கடைசி."

இப்போது முதலாளி வீடியோ கால் இல்லாமலேயே அசையாமல் நின்றார்.

"காப்பிய நிறுத்து. என் பொண்ணு கல்யாணம்டா!"

"இதுவும் ஒருத்தர் பொண்ணு கல்யாணந்தாங்க" என்ற அண்ணன், ஸ்விட்சை மறைத்துக்கொண்டு நின்றார்.

"நாளையிலேர்ந்து வேலைக்கு வராத!"

"சரிங்க. இன்னிக்கு இது முடியட்டும்."

காப்பி முடிந்தது. யூபிஎஸ்ஸும் கடைசி மூச்சை விட்டது. இருட்டில் முதலாளியின் போன் அடித்தது. சம்பந்தி அம்மாள். கொட்டாவி விட்ட நேரத்தில் முதலாளியின் முகம் அங்கே திரையில் நின்றுவிட்டிருந்தது. "உங்க சிரிச்ச முகம் எங்க வீட்ல எல்லாருக்கும் புடிச்சிடுச்சுங்க" என்றார் அந்தப் புண்ணியவதி.

ஆபரேஷன் முடிந்து, கழுத்தில் கட்டோடு அப்பாவை ஜெனிஃபர் அழைத்துவந்தாள். போட்டுக் காட்டினேன். திரையில் அவர் பேசினார். "ஜெனி, அழுவாத பாப்பா. அழுதா போட்டோல மூக்கு பெருசா தெரியும். அப்பா எங்கயும் போவல, இங்கதான் இருக்கேன்." அவள் அழுதாள். நாற்காலியில் இருந்த அப்பா அவள் மூக்கைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். தோள் குலுங்கியது, சத்தமே வரவில்லை. எனக்குக் கண் மறைத்தது.

பின்னால் நின்றிருந்த முதலாளி மூக்கை உறிஞ்சினார். "தார்ப்பாய் எங்க?"

"நீங்கதான வராதன்னீங்க?"

"நான் சொன்னா உடனே கேட்டுடுவானா? இத்தினி மாசமா கேட்டானா? கூப்புடுறா அவன!"

வந்த அண்ணன் தயங்கித் தயங்கி, "நம்பர மாத்திடட்டுங்களா?" என்றார்.

"வேணாம். அப்படியே இருக்கட்டும்."

இப்போது அண்ணன் சென்னையில் பெரிய கம்பெனி ஒன்றில் இருக்கிறார். முதலாளி இன்னும் ஒன்றாம் நம்பரில்தான் இருக்கிறார். இங்கே மேகம் கறுத்தால் எப்படித்தான் தெரியுமோ, போன் வந்துவிடும். "எல்லாம் மூடியாச்சாங்க?" மூடியாச்சு அண்ணே என்று சொல்லிவிட்டு, போனை வைக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பேன்.